காசு கொடுத்து முகாமுக்குள் இரண்டு இரவு

“வாயிலில் வாகனத்தை விட்டு இறங்காதீர்கள். காவலர் உங்களிடம் வருவார்.” ஜூன் 3ஆம் திகதி எங்களுக்கு வந்த மின்னஞ்சலின் நான்காவது வரி இது. அனுப்பியது, ஒன்ராறியோவின் கிழக்கே ஒட்டாவா ஆற்றங்கரையில் இருக்கும் படைத்தளம் ஒன்றின் கூடாரத்திடல் அலுவலகம். மின்னஞ்சலை அச்செடுத்து அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடும் போட்டு வைத்தேன். அதை எவ்வளவு கடைப்பிடித்தேன் என்பது கீழே வரும்.

கனடாவின் படைத்தளங்கள் பலவற்றுக்குள் ஏரியோரமாகவோ ஆற்றோரமாகவோ ஒரு கூடாரத்திடல் இருக்கிறது. சேவையில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் தங்கள் குடும்பத்தோடு அங்கே படுக்கையும் சமையலறையும் உள்ள ஆர்.வி. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தித் தங்கலாம். மின்சாரமும் தண்ணீரும் உண்டு. என் மனைவி சுகந்தி ரொறன்ரோவில் துணைப்படையில் பத்தொன்பது வருடம் வாகன மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவள். பகலில் மிசிசாகாவில் ஒரு லொறி நிறுவனத்திலும், செவ்வாய் மாலைகளிலும் சில வார இறுதிகளிலும் படையிலும் வேலை. ஓய்வுக்குப் பிறகு இருபத்துநான்கு அடி நீளமான பழைய ஆர்.வி. ஒன்றை வாங்கித் தானே திருத்தினாள். நியூ பிரன்ஸ்விக்கில் தொடங்கி வன்கூவர் தீவு வரைக்கும், ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு, படுத்தெழும்பிப் படுத்தெழும்பி நாட்டைக் கடப்பதுதான் அவளுடைய திட்டம்.

திட்டத்துக்குக் குறுக்கே நின்றவன் நான். இருபத்திரண்டு வயதில், யாழ்ப்பாணத்தில், இராணுவம் என்னைப் பிடித்து ஒரு முகாமில் இரண்டு இரவு வைத்திருந்தது. அதற்குப் பிறகு எந்த நாட்டு இராணுவத்தின் கட்டடத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. சுகந்தியைச் செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்குக் கொண்டுபோய் விடுவதும் அவளுடைய படைக்கட்டடத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே ஒரு கோப்பிக்கடை இருந்தது. மிச்சத் தூரத்தை அவள் சீருடையோடு நடந்துபோவாள். பத்தொன்பது வருடமும் அப்படித்தான்.

“இரண்டு இரவு இருந்து பாப்பம்,” என்றாள் சுகந்தி. “உங்களுக்கு ஏலாதெண்டா வண்டியைத் தம்பி குகனிட்டக் குடுத்திடுவம். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்.”

ஏன் இரண்டு இரவு என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையுமில்லை.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை. காலை 8.15க்கு ஸ்காபரோவிலிருந்து காரில் விட்பிக்குப் போனோம். குகன் சுகந்தியின் தம்பி. எங்கள் வீட்டு முன்றிலில் ஆர்.வி. அடங்காது என்பதால் அது விட்பியில் அவன் வீட்டுப் பக்கத்தில்தான் நிற்கிறது. நின்று நின்று அவனுக்கு அதில் ஆசை வந்துவிட்டது. நாங்கள் போனபோது கோப்பிக் கோப்பையோடு, தன் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வண்டியின் படியில் சொந்தக்காரன்போல இருந்தான்.

“அத்தான், எங்கட சனம் ஆமிக் காம்புக்குள்ள இருந்து வெளியில வாறதுக்குக் காசு குடுத்தது. நீங்கள் உள்ளுக்குப் போறதுக்குக் காசு குடுக்கிறியள்.”

“ஒரு இரவுக்கு முப்பத்தெட்டு டொலர். கறண்டும் தண்ணியும் சேர்த்து,” என்றேன்.

“உங்களால ஏலாது அத்தான், சும்மா வீம்புக்குப் போறியள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரேக்கை வண்டிச் சாவி கொழுவ ஒரு கொழுக்கி அடிச்சு வைக்கிறன்.”

சக்கரங்களின் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த சுகந்தி நிமிரவில்லை. “அதில உன்ர தொப்பியைக் கொழுவு,” என்றாள்.

வீம்பு என்று அவன் சொன்னது சரிதான். மிசிசிப்பி ஆற்றையும் சகாராவையும் கடந்தவர்களின் பயணநூல்களை வாசித்தே வளர்ந்தவன் நான். அவர்களில் பாதிப்பேர் வேறு எந்தக் காரணத்துக்காகவும் வீட்டை விட்டுப் புறப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

9.40க்குப் புறப்பட்டோம். 401ஆம் இலக்க நெடுஞ்சாலையில் கிழக்கே போய், 115இல் பீற்றர்பரோவைத் தாண்டி, 7ஆம் இலக்க நெடுஞ்சாலையில் கலடார் வரை. அங்கிருந்து 41இல் வடக்கே. கலடாரில் பெற்றோலுக்கு 126 டொலர் போனது. கலடாருக்கு மேலே பாதை ஒடுங்கிவிடும். இரண்டு பக்கமும் இளஞ்சிவப்புக் கருங்கல்லை வெடிவைத்துப் பிளந்து பாதையை நுழைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஏரி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. சுகந்தி ஓட்டினாள், எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். என் பொறுப்பு வரைபடமும் தேநீர்ப் போத்தலும். டென்பி என்ற ஊருக்குப் பிறகு வரைபடத்தை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். ஈகன்வில் வந்தபோது, திரும்பிவிடலாம் என்று சொல்வதற்கான வசனத்தை மனதுக்குள் அமைத்து முடித்திருந்தேன். குகனின் கொழுக்கி நினைவுக்கு வந்ததால் அதைச் சொல்லவில்லை.

மாலை 3.50. பெம்புரோக் நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் தளத்தின் வாயில். எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றன. தடைக்கம்பத்தின் அருகே துவக்கோடு ஒரு சிப்பாய்.

அடுத்து நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நல்ல வெயில் நேரத்தில் வண்டியின் உள்விளக்கைப் போட்டேன். தொப்பியைக் கழற்றினேன். சட்டைப்பையில் இருந்தவற்றை எடுத்து முன்பலகையில் வைத்தேன். சுகந்தி என்ன என்று கேட்குமுன் கதவைத் திறந்து இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, நடுப்பாதையால் மெதுவாகக் காவலரணை நோக்கி நடந்தேன். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்துச் சோதனைச்சாவடியைச் சைக்கிளிலோ வாகனத்திலோ கடந்த எவரும் இதைத்தான் செய்வார்கள். தூரத்திலேயே இறங்க வேண்டும். கையில் என்ன இருக்கிறதென்று தெரிய வேண்டும். ஓடக்கூடாது, நிற்கவும் கூடாது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் கால்கள் அதை மறக்கவில்லை. சிவப்புக் கோடு போட்ட வரி என்னை விட்டுப் போய்விட்டிருந்தது.

சிப்பாய் கையை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னாள். ஆம், பெண். முகம் முழுக்கச் செம்புள்ளிகள், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். வாகனத்துக்குள் திரும்பிப் போங்கள் ஐயா என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் அரணுக்குள் இருந்த மற்றச் சிப்பாய் வெளியே வந்துவிட்டான். முன்னால் நின்ற காரிலிருந்து இரண்டு குழந்தைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் அசையவில்லை. பிடிவாதம் அல்ல, திரும்பி முதுகைக் காட்ட உடம்பு சம்மதிக்கவில்லை.

“இஞ்சேருங்கோ,” என்றாள் சுகந்தி, யன்னலால் தலையை நீட்டி. சந்தையில் கூப்பிடுகிற குரல். “மீன் வெயிலுக்குள்ள கிடக்குது. ஏறுங்கோ.”

மீன் ஒன்றும் எங்களிடம் இருக்கவில்லை. ஏறினேன்.

எங்கள் முறை வந்தபோது சுகந்தி தன் அட்டையைக் காட்டினாள். எல்லாம் சரி என்று சொன்ன அந்தப் பெண், என் பக்கம் வந்து, ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டாள். எனக்கு ரோசம் வந்தது. நான் பிறந்த ஊரில் வாயில்களை இப்படித்தான் கடப்போம், நடந்து வந்தவர்கள்தான் உயிரோடு வீட்டுக்குப் போனார்கள் என்றேன். அவள், இங்கே நடந்து வந்தால்தான் எங்களுக்குப் பயம் என்றாள். எனக்குப் பயந்த ஒரு இராணுவத்தை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

பிறகு அவள் ஒரு தாளை நீட்டினாள். தளத்தின் வரைபடம். பாதைகள், மருத்துவ நிலையம், கடை, கூடாரத்திடல் எல்லாம் இலக்கமிட்டுக் காட்டியிருந்தது. எங்கள் 17ஆம் இலக்க இடத்தைப் பேனையால் வட்டமிட்டுத் தந்தாள். ஒரு இராணுவ முகாமின் வரைபடத்தோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அறிந்த கை என்னுடையது. அதுவே தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தது.

17ஆம் இலக்க இடம் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே. முன்னால் மணற்கரை, அதற்கு முன்னால் ஆறு, ஆற்றுக்கு அப்பால் கியூபெக்கின் மலைகள். மின்கம்பியும் தண்ணீர்க்குழாயும் பூட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து இடத்துக்காரர் வந்தார். கோர்டன், நோவாஸ்கோசியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சாஜன்ட், எழுபது வயது இருக்கலாம். எங்கள் வண்டியின் பின்னால் இருக்கும், பொப்பிப்பூப் பொறித்த முன்னாள் படையினர் இலக்கத்தகட்டைக் கண்டுவிட்டு நேரே என்னிடம் வந்து, கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் சேவைக்கு நன்றி என்றார். நான் வண்டிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைக் காட்டினேன். கோர்டன் சிவந்துபோனார். பிறகு குனிந்து அந்தக் கால்களுக்கு நன்றி சொன்னார்.

“சொல்லுங்கோ அவருக்கு, பதினாறு நம்பர் ஸ்பானரையும் ஒருக்காத் தரச்சொல்லி,” என்றது கீழிருந்து வந்த குரல்.

அறிவித்தல் பலகையைப் பார்த்தீர்களா என்று கோர்டன் கேட்டார். பார்த்ததோடு எழுதியும் வைத்திருந்தேன்: சனிக்கிழமை காலை 8.00 முதல் 10.30 வரை காட்டுப்பகுதியில் பீரங்கிப் பயிற்சி, திடலுக்கு ஆபத்தில்லை. முன்கூட்டியே தெரிந்த சத்தம் ஒரு மனிதனை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. அதைப்பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 12, சனிக்கிழமை. முதல் எறிகணை போனபோது நான் புட்டுக்கு மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, வண்டியின் மடிப்பு மேசைக்குக் கீழே இருக்கிறேன் என்பது. வாய் திறந்திருந்தது, காதைப் பொத்தியிருந்தேன். மாம்பழக் கத்தியை மட்டும் கவனமாக மேசையிலேயே விட்டிருக்கிறேன்.

சுகந்தி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். குனிந்து பார்த்தாள். என்னைத் தூக்க வரவில்லை. வந்திருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும்.

“தேத்தண்ணி கீழ தரட்டோ, மேல வாறியளோ?”

“நேரம் என்ன?”

“எட்டு ஒண்டு. ஒரு நிமிசம் பிந்திப்போட்டாங்கள்.”

இரண்டாவது குண்டு போனது. மேசைக்குக் கீழே இருந்தபடியே நான் அந்த ஒரு நிமிடத்தை யோசித்தேன். எறிகணை அறிவித்த நேரத்துக்கு வெடித்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல்தடவை. எங்கள் ஊரில் அதற்குப் பலகை இருக்கவில்லை, முடிகிற நேரம் என்றும் ஒன்று இருக்கவில்லை. இங்கே பத்தரைக்கு நிறுத்துவோம் என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் நான் மேசைக்குக் கீழே இருந்துகொண்டு யாருக்குக் கீழ்ப்படிகிறேன்? இந்தத் தளத்துக்கு அல்ல. அந்தப் பழைய முகாமில் இருந்தவர்களுக்கு. அவர்கள் என்னை மூன்றாம் நாள் காலை விட்டுவிட்டார்கள். நான்தான் அவர்களுடைய கட்டளையை மேற்கு அரைக்கோளம் வரை சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

வெளியே வந்தேன். மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மணற்கரைக்குப் போய், காட்டைப் பார்த்தபடி போட்டு உட்கார்ந்தேன். சுகந்தி புட்டையும் மாம்பழத்தையும் தட்டில் கொண்டுவந்து மடியில் வைத்து, தேநீரையும் கையில் தந்துவிட்டுப் போனாள். நான் பயப்படவில்லை என்று எழுதமாட்டேன். ஒவ்வொரு குண்டுக்கும் தட்டு ஆடியது. தேநீரில் பாதி மணலுக்குப் போனது. ஒருமுறை என்னையறியாமல் கதிரையிலிருந்து அரைவாசி எழுந்துவிட்டு, மறுபடி இருந்தேன். கோர்டன் தன் கதிரையைக் கொண்டுவந்து சற்றுத் தள்ளிப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. குண்டு போகும்போதெல்லாம் அவரும் கதிரைக் கையை இறுகப் பிடிப்பதைக் கண்டேன். அது வயதா வேறெதுவுமா என்று நானும் கேட்கவில்லை. நான் கொடுத்த புட்டை உதிர்க்காமல் சாப்பிடத் தெரியாமல் நெஞ்செல்லாம் கொட்டிக்கொண்டார்.

கடைசிக் குண்டு 10.28க்கு. பத்தரை ஆகும்வரை நான் எழும்பவில்லை. அந்த இரண்டு நிமிடத்தையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்றிரவு நித்திரை வந்தது. குறட்டை விட்டதாகச் சுகந்தி சொல்கிறாள். அதற்கு அவளைத் தவிரச் சாட்சி இல்லை.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. கம்பிகளைக் கழற்றும்போது குகன் தொலைபேசியில் வந்தான்.

“அத்தான், கொழுக்கி அடிச்சாச்சு.”

“நல்லது. தொப்பியைக் கொழுவினியோ?”

“அக்காவிட்டக் குடுங்கோ,” என்றான். சுகந்தி தொலைபேசியை வாங்கவில்லை. கழிவுநீர்க்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் அதை அப்படியே கீழே போட்டுவிட்டு, ஆற்றைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்தாள். செப்ரெம்பரில் நியூ பிரன்ஸ்விக், இரண்டு வாரம், என்று நான் குகனுக்குச் சொன்னேன். அதுவரைக்கும் வண்டியின் படியில் இருந்து கோப்பி குடிக்க அவனுக்கு முழு உரிமை உண்டு என்றும் சொன்னேன்.

11.10க்கு வாயிலை அடைந்தோம். வெளியே போகும் பாதையில் தடைக்கம்பம் உயர்ந்தபடி நின்றது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை. முகாம் ஒன்றிலிருந்து வெளியே வருவதுதான் கடினம் என்று அறிந்த எனக்கு, அந்தத் திறந்த பாதையில் சுகந்தி வேகத்தைக்கூடக் குறைக்காமல் ஓட்டியது பிடித்திருந்தது. உள்விளக்கை நான் போடவில்லை.

அந்த வரைபடம் இப்போது ஸ்காபரோவில் என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது, 17ஐச் சுற்றிய வட்டத்தோடு. இரண்டு இரவு எங்கே படுத்தேன் என்று யார் கேட்டாலும் விரலால் தொட்டுக் காட்டலாம். மற்ற இரண்டு இரவுகளுக்கு அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை. கண்ணைக் கட்டிக் கொண்டுபோனார்கள், கண்ணைக் கட்டியே கொண்டுவந்து விட்டார்கள். கடல் இரைச்சல் கேட்ட ஞாபகம் இருக்கிறது. அதே வாரத்தில் பிடிபட்ட இரண்டு பேரை விசாரித்ததில், ஒருவர் வடகரையில் இருந்த ஒரு முகாம் என்றார், மற்றவர் கடலே இல்லாத ஓர் இடத்தைச் சொன்னார். அது எந்த முகாம் என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.