பூக்கேட்டுப் போட்ட இன்ஜின்

எங்கள் வீட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது என்றால் இப்போது பேரப்பிள்ளைகள்கூட நம்புவதில்லை. எழுபதுகளில், போடிநாயக்கனூரில், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத சிவப்பு வண்டி. மலையில் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போனது. ஒரு ஏலக்காய் மூட்டைகூட ஏற்ற முடியாத வண்டி ஆம்பிளைகளுக்கு எதற்கு? ஆசைக்குக் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு அவர் ஜீப்புக்கே போய்விட்டார். மாட்டுக்கொட்டத்தில் கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

ஓட்டப் பழகியது சிலமலை ரோட்டில். களையெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், எனக்கு மலைக்குப் போக வண்டி வேண்டும். மலைமேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஏலத்தோட்டம் என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது. காய் எடுக்கும்போது நான் போய் நின்றால் வேலை ஒரு மாதிரி நடக்கும், நிற்காவிட்டால் வேறு மாதிரி நடக்கும். முன்பெல்லாம் ஜீப்பில் இடம் இருக்கிறதா, இவருக்குக் கூட்டிப்போக மனசு இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கார் வந்தபிறகு சாவியை எடுத்தால் போதும் என்று ஆனது.

அந்த வண்டி ஒரு கோடையில் கொண்டை ஊசி வளைவில் கொதித்து நின்றது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஷெட் போட்டிருந்த மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார்.

"பிளாக்கு வெடிச்சுப்போச்சுக்கா. ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது. வேற இன்ஜினுதான்."

அவரிடம் இரண்டு இன்ஜின் இருந்தன. ஒன்று டாக்ஸியில் இருந்து கழற்றிய பெட்ரோல் இன்ஜின். இன்னொன்று கவிழ்ந்த வேனில் இருந்து எடுத்த டீசல் இன்ஜின். எங்கள் ஊரில் வண்டி என்றால் ஒரே கேள்விதான், ஏத்தத்தில் இழுக்குமா என்பது. என் வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொண்டார்.

"டீசலையே போடுப்பா. மேட்டுல தம் கட்டி இழுக்கும்ல."

"இழுக்கும்ணே. ஆனா கனம் சாஸ்தி. வண்டி மூக்கு தரையப் பாக்கும். ஸ்டீரிங்கத் திருப்ப நல்ல வலு வேணும்" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் என் கையைப் பார்த்தார்.

எனக்கு டாக்ஸி இன்ஜின்தான் வேண்டும் என்றேன். வீட்டில் சண்டை. நான் விடுகிற ஆள் இல்லை. சோறு வைக்கும்போதும் இன்ஜின், தட்டை எடுக்கும்போதும் இன்ஜின். ஒருநாள் அவரே இறங்கி வந்தார்.

"நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். சாமிகிட்டப் பூக்கேப்போம்."

எங்கள் பக்கத்தில் கிணறு வெட்டுவதற்கும் பெண் எடுப்பதற்கும் பூக்கேட்பது வழக்கம். சிவப்புப் பூவை ஒரு இலையிலும் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் மடித்து, நாரால் கட்டி, சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். என் கல்யாணமே அப்படி முடிவானதுதான். காலேஜில் சேர்ந்தே தீருவேன் என்று நான் அடம்பிடித்தபோது அப்பா கோயிலுக்குக் கூட்டிப்போனார். சிவப்பு வந்தால் காலேஜ், வெள்ளை வந்தால் கல்யாணம் என்றார். வெள்ளை வந்தது. அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை. மனுஷர்களோடு மல்லுக்கட்டலாம், சாமியோடு முடியுமா?

கோயிலுக்குப் பொட்டலங்களை இவரே கட்டிக்கொண்டு வந்தார். சிவப்பு என்றால் பெட்ரோல், வெள்ளை என்றால் டீசல். "நீயே எடு" என்று எனக்கு விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையில் நான் உருகிப்போனேன் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. எடுத்தேன். பிரித்தேன். வெள்ளை.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும். பூசாரி அதை இவர் கையில் கொடுத்தார். அங்கிருந்து நேரே ஷெட்டுக்குப் போனோம். டீசல் என்று சொல்லிவிட்டு இன்ஜினைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தவர், பொட்டலத்தை என் காரில் ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் இருந்த முன்பெட்டிக்குள் வைத்தார். அதோடு மறந்துபோனார்.

இன்ஜின் மாட்டி வந்த அன்றே கிளம்பினேன். பம்புசெட்டு மாதிரி சத்தம். மலையடிவாரத்து முந்தல் வரை ரோடு நேராக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. முதல் கொண்டை ஊசியில் ஸ்டீரிங்கைத் திருப்பினேன், திரும்பவில்லை. எழுந்து நிற்காத குறையாக இரண்டு கையாலும் இழுத்தேன். வண்டி நேராகப் போய் ஓரத்துக் கட்டைச்சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தது. துடைக்கத் துணி தேடி முன்பெட்டியைத் திறந்தேன். பொட்டலம் இருந்தது. இலை சருகாகியிருந்தது, தொட்டதும் உடைந்தது.

உள்ளே நந்தியாவட்டை. வாடிப் பழுத்திருந்தாலும் வெள்ளைப் பூ வெள்ளைப் பூதானே! செவ்வரளியின் ஒரு இதழ்கூட இல்லை. அப்படியே முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பின்னால் வந்த ஜீப்பில் தோட்டத்துக்குப் போன ஆட்கள் இறங்கி வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பி விட்டார்கள். வீட்டில் இவர் ஏலக்காய் மாதிரியைத் தட்டில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டில் பூவைக் கொட்டினேன். பார்த்தார். மறுக்கவில்லை.

"மேட்டுல நீ ஒத்தையில ஒடிச்சுத் திருப்புறத நெனச்சா எனக்குப் பயமா இருக்கு. வேணாம்னு சொன்னாக் கேக்குற ஆளா நீ? ஸ்டீரிங்கு கனத்தா நீயே விட்டுருவன்னு பாத்தேன்."

"அதுக்குச் சாமி முன்னால ஏமாத்துவீகளா?"

"நானா கண்டுபுடிச்சேன்? ஒங்கப்பாரு செஞ்சதுதான?"

எனக்குப் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன் மாப்ளேன்னு, கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வந்தப்பவே சொன்னாரே. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

கேட்பதற்கு அப்பாவும் உயிரோடு இல்லை. அத்தனை வருஷமும் சாமி சொன்னது என்று நினைத்துத்தான் இந்த வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கிறேன்.

மறுநாள் விடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன்.

"இதக் கழட்டு தம்பி. டாக்ஸி இன்ஜினப் போடு."

மெக்கானிக் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "என்னக்கா, சாமி டீசல்னுல்ல சொல்லுச்சு?"

"சாமிகிட்ட இன்னும் யாருமே கேக்கல" என்றேன்.