உலையில் விழுந்த பிடி

அன்று காலை சமையல்கட்டில் இருந்தவர்கள்: அப்பா. அத்தை, அப்பாவின் தங்கச்சி. தம்பி, நான்கு வயது. நான், ஒன்பது வயது. அம்மா இல்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆகி பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்துக்கொள்ள அத்தை செல்லிப்பட்டிலிருந்து வந்திருந்தாள்.

அது தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். விபூதிப் புதனிலிருந்து அம்மாவுக்கு ஒரு முறை உண்டு. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து, மூலையில் இருக்கும் மண்பானையில் போடுவாள். ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று பானை மாதா கோயிலுக்குப் போகும். அங்கிருந்து இல்லாதவர் வீடுகளுக்குப் போகும். மூட்டையிலிருந்து எடுக்க மாட்டாள். நாங்கள் தின்ன அளந்ததில்தான் எடுப்பாள். ஒரு நாளும் விட மாட்டாள்.

அப்பா லாரியில் கரும்பு ஏற்றுகிறவர். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருவார். வந்தாலும் வாசலில் நிற்பார். பானையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அம்மா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து அவரிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அந்தப் பிடிய மட்டும் வுட்டுடாதீங்க."

அப்பா தலையாட்டினார். அதிலிருந்து தினமும் காலையில் அவர்தான் பிடி எடுத்தார். அம்மா சாயந்திரம் செல்லில் கேட்பாள். "போட்டீங்களா?" "போட்டன்." அவ்வளவுதான் பேச்சு.

அம்மாவின் கை சின்னது. அப்பாவின் கை பெரியது. சோறு பற்றாமல் தம்பி சட்டியைச் சுரண்டினான். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. அன்று அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டாள்.

"நான் வர்ற வரிக்கும் இருக்கக் கூடாதா?" என்றார் அப்பா.

"உன் கையப் பாத்தாலே பயமா கீதுண்ணா. பிடி எடுக்கிறியா, மூட்டைய எடுக்கிறியா? புள்ளைங்களுக்குச் சோறு பத்தல."

"அதுக்கு நான் கொறச்சித் துன்றன்."

"இப்ப இன்னா ஆயிப்போச்சி? மூட்டையிலேந்து ஒரு பிடி எடுத்துப் போடு. அதுவும் அரிசிதான். அண்ணி இன்னா மோந்தா பாக்கப் போவுது?"

அப்பா மூட்டையைப் பார்த்தார். உலையைப் பார்த்தார். அரிசி பாதி வெந்து மேலே வந்து கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் அள்ளி, தண்ணீரை வடித்து, உள்ளங்கையில் கொட்டிக் கையை மூடினார். சுட்டிருக்கும். முகத்தில் தெரியவில்லை. பிடி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் அள்ளினார். பிறகு முறத்தில் பரப்பினார்.

"வத்தல் போடறியாண்ணா? மோர் மொளகா கீது. அதையும் சேத்துக் காய வெய்யி."

அப்பா முறத்தை என்னிடம் கொடுத்தார்.

"காக்கா வராம பாத்துக்க."

பள்ளிக்கூடம் போகாமல் மாடியில் உட்கார்ந்து காக்கா விரட்டினேன். எனக்கு நல்ல நாள் அது. சாயந்திரம் அப்பா வந்து தொட்டுப் பார்த்தார். காய்ந்துவிட்டது என்றார். பானையில் போட்டு மூடினார். செல் அடித்தது. "போட்டன்" என்றார்.

மறுநாளிலிருந்து பிடி எடுத்த பிறகுதான் குளிக்கப் போனார். சொன்னபடி சோற்றைக் குறைத்துக்கொண்டார். தம்பி சட்டி சுரண்டுவதை விட்டான்.

சில நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்தபடி நேராகப் பானையிடம் போனாள். பானை முக்கால்வாசி நிறைந்திருந்தது. அவள் போட்டிருந்தால் பாதிகூட வந்திருக்காது. மூடியைத் திறந்தாள். புளித்த வாடை அடித்தது. அரிசி கட்டி கட்டியாகப் பூசணம் பூத்துப்போயிருந்தது.

அத்தை வெளியே பார்த்தாள். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார்.

"அன்னிக்கு உலையில வுழுந்துடுச்சி. அள்ளிக் காய வெச்சிப் போட்டன். சரியா காயல போல."

"மூட்டையில எடுத்துப் போட்டிருக்கலாமே."

"நீ ஒரு நாளும் மூட்டையில எடுத்தது இல்லியே."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது" என்றாள். நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்தாள். தையல் வலிக்கிறது என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தனை அரிசியும் வீணாய்ப் போனதற்கு யாரையும் அவள் ஏன் திட்டவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

அரிசி கோழிக்குப் போயிற்று. பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தோம். பெரிய வியாழனுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

மறுநாள் காலை அம்மா உட்கார்ந்தபடியே அரிசி அளந்தாள். கை வைக்கவில்லை. அப்பா எழுந்து வரும்வரை காத்திருந்தாள். அவர் வந்து குனிந்து அள்ளினார்.

பானையில் ஒரு பிடி.