சட்டிப்பாறையைத் தட்டிப் பார்த்த நாள்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மலையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் கிடையாது என்று நான் உறுதியாக நம்பினேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஒரே ஒருவரை மட்டும் எனக்கு மேலே வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

குடிபாலாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் எங்கள் ஊர். ஊருக்குப் பின்னாலேயே மலை. மலைக்கு இந்தப் பக்கம் சித்தூர் மாவட்டம், அந்தப் பக்கம் வேலூர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சோஷியல் புத்தகத்தில் 'சகஜ வனருலு' என்று ஒரு பாடம், அதாவது இயற்கை வளங்கள். உங்கள் மலையில் என்னென்ன வளம் இருக்கிறது என்று டீச்சர் கேட்டதும் வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. நான் எழுந்து சீதாப்பழம், களாக்காய், துடைப்பப் புல், விறகு, தேன், ஆட்டுக்குத் தழை, கல் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீரைச் சொல்லாமல் விட்டது எனக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை.

கல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் திமிர் இருந்தது. எங்கள் நைனா, அதாவது அப்பா, நாலு மைல் தள்ளி ஒரு குவாரியில் கல் உடைக்கிற வேலையில் இருந்தார். உளி வைப்பதற்கு முன்னால் சின்னச் சுத்தியலால் பாறையைத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். கணீர் என்றால் உள்ளே முழுக்கல். டொப் என்றால் விரிசல் இருக்கிறது, பலகையாக அறுக்க உதவாது. அவர் காது சொல்லாமல் அங்கே யாரும் உளி வைக்கமாட்டார்கள். விடுமுறை நாட்களில் சோறு கொண்டுபோகிற சாக்கில் இதைப் பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். வீட்டு ஆட்டுக்கல், பள்ளிக்கூடத்துப் படி, தம்பியின் தலை என்று கைக்கு எட்டியதையெல்லாம் தட்டித் தீர்ப்புச் சொல்லிவிடுவேன்.

எங்கள் நிலத்துக்கு நேர் மேலே, மலைச் சரிவில் இருந்தது சட்டிப்பாறை. கவிழ்த்துப் போட்ட சட்டி மாதிரி உருண்டையாக இருக்கும். அதன் அடியில் ஒரு சுனை. சித்திரை வெயிலிலும் அதிலிருந்து கைவிரல் பருமனுக்குத் தண்ணீர் கசிந்து, ஓடை போல இறங்கி எங்கள் ஒன்றரை ஏக்கருக்கு வரும். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் நிலத்தில் கூலிக்குப் போன என் தாத்தாவுக்கு அரசாங்கம் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அது. அந்த விரல் பருமன் தண்ணீரை நம்பித்தான் வேர்க்கடலையும் கத்திரியும் வைத்தோம். பாறையைப் பெயர்த்தால் சுனை போய்விடும் என்பது நைனாவுக்குத் தெரியும். எனக்கோ பாறை வேறு, தண்ணீர் வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். நைனா வேலை பார்த்த குவாரியின் முதலாளி எங்கள் மலையில் புதிதாக ஒரு குவாரி போட நினைத்திருந்தார். தொப்பி போட்டிருந்தவர் கல்லைப் பார்த்துச் சொல்ல வந்தவர். இன்னொருவர் கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா. மலை தெரிந்தவர், கல்லும் தெரிந்தவர் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் வேலையைக் குவாரி மேஸ்திரி நைனாவின் தலையில் கட்டியிருந்தார். முடியாது என்றால் மறுநாள் வேலை இருக்காது.

"நீ இன்னாத்துக்கு வர? ஊட்டுக்குப் போ" என்றார் நைனா என்னிடம். மலை என்னுடைய பாடம். நான் எப்படிப் போவேன்?

மேலே ஏற ஏற நைனா ஒவ்வொரு பாறையாகத் தட்டி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். சட்டிப்பாறை வந்ததும் அதைப் பார்க்காதவர் போல நடையை எட்டிப் போட்டார். தொப்பிக்காரர் நின்றுவிட்டார். இது எப்படி என்று கேட்டார். நைனா திரும்பி வந்து, பாறையின் கீழ் ஓரத்தில் ஒரு இடத்தைத் தட்டினார். டொப். இரண்டடி தள்ளி இன்னொரு இடம். அதுவும் டொப்.

"அந்தா பகுலு சார். உள்ள பூரா விரிசலு" என்றார் நைனா, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும்.

தொப்பிக்காரர் தலையாட்டினார். பெயிண்ட் டப்பாக்காரர் அடுத்த பாறையைப் பார்த்து நடக்கத் தொடங்கிவிட்டார். இன்னும் பத்து எட்டு வைத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நைனா தட்டியது, வெயிலிலும் மழையிலும் மேல்தோல் உரிந்து பொருக்காகக் கிளம்பியிருந்த இடம். எந்தப் பாறையானாலும் அங்கே தட்டினால் டொப்தான். இது எனக்கே தெரியும், நைனாவுக்குத் தெரியாமல் போனதே என்று எனக்கு ஆச்சரியம். சட்டிப்பாறையின் உச்சியில் கல்லால் தட்டித்தான் நாங்கள் பள்ளிக்கூட விளையாட்டுக்கு மணி அடிப்போம்.

"அங்க இல்ல நைனா! அது தோலு! இங்க தட்டிப் பாரு!" என்று கத்திக்கொண்டே ஓடி ஏறி, கையில் கிடைத்த கல்லால் ஓங்கி ஒரு அடி அடித்தேன். கணீர் என்றது. எதிர்மலை அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது. அதோடு விட்டேனா? இப்படிச் சத்தம் வந்தால் உள்ளே முழுக்கல் என்று தொப்பிக்காரருக்குத் தெலுங்கில் பாடம் ஒப்பிப்பது போல விளக்கமும் சொன்னேன். அந்த விளக்கத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தொப்பிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, நைனாவைப் பார்த்தார். அப்புறம் சுத்தியலை வாங்கி அவரே ஏழெட்டு இடத்தில் தட்டினார். எல்லாம் கணீர்.

"ஏம்ப்பா, இது உனக்குத் தெரியலயா?"

நைனா கீழே பார்த்தபடி சொன்னார்: "காது மந்தமாயிட்ச்சி சார். வெடிச் சத்தத்துலயே நின்னுக்கினு இருந்தா இன்னா ஆவும்?"

தொப்பிக்காரர் லேசாகச் சிரித்துவிட்டுப் பெயிண்ட்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார். சட்டிப்பாறையின் நெற்றியில் மஞ்சளாக ஒரு பெருக்கல் குறி விழுந்தது. எனக்கு ஒரு சாக்லேட் கிடைத்தது. "பெத்த ஆபீசர் அவுதாவம்மா" என்று தொப்பிக்காரர் வாழ்த்தினார். எவ்வளவு பெரிய ஆபீசர் ஆவேன் என்று யோசித்துக்கொண்டே மலை இறங்கினேன். சாக்லேட்டில் பாதியை நைனாவிடம் நீட்டினேன்.

"நீயே துன்னு" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே நைனாவுக்குக் காது கேட்கவில்லையாம் என்று அம்மாவிடம் உடைத்துவிட்டேன். நடந்ததையும் ஒரு வரி விடாமல் சொன்னேன். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா சுவரைப் பார்த்தார். ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் வீட்டை இரண்டாக்கும் அம்மா, அன்றைக்கு எழுந்துபோய் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

எனக்கு நைனாமேல் இரக்கம் பொங்கிவிட்டது. காது போனதை இத்தனை நாள் நம்மிடம் மறைத்துவைத்தாரே என்று அழுகை வந்தது. அன்றிலிருந்து அவரிடம் கத்திக் கத்திப் பேசினேன். தம்பி மெதுவாகப் பேசினால் ஒரு குட்டு. ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகச் சூடு பண்ணிக் கொண்டுவருவேன். நைனா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். இந்தக் காதில் மூன்று சொட்டு, அந்தக் காதில் மூன்று சொட்டு.

சில மாதத்தில் மலைக்குப் பாதை வெட்டினார்கள். மிஷின் ஏறியது. சட்டிப்பாறையில் உளி வைக்க மேஸ்திரி ஆள் அனுப்பினார். நைனா போகவில்லை, கல் வேலையே வேண்டாம் என்று பலமனேருக்குத் தக்காளி லோடு ஏற்றப் போனார். காது கேட்காதவர் கல் வேலைக்கு எப்படிப் போவார் என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நானே விளக்கம் சொன்னேன். ஓடைத் தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது, பிறகு நூலாக இளைத்தது, அப்புறம் மழை பெய்தால் மட்டும் வந்தது. இந்த வருஷம் மழை கம்மி என்று அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது.

ஒருநாள் காலையில் நானும் நைனாவும் காய்ந்துபோன கத்திரிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து பெரிய லாரி ஒன்று, வீடு அளவுக்கு வெட்டிய ஒற்றைக் கல்லைச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு, முக்கி முனகி இறங்கியது. நைனா குனிந்த தலை நிமிராமல் செடியையே பிடுங்கிக்கொண்டிருந்தார். பாவம், சத்தம் கேட்டிருக்காது என்று நான் பக்கத்தில் ஓடிப்போய் அவர் காதில் வாய் வைத்துக் கத்தினேன்.

"நைனா! நம்ம சட்டிப்பாற போவுது! லாரிச் சத்தம் கேக்குதா?"

"கேக்குது பாப்பா" என்றார்.

நான் கத்திரிச் செடிகளை அப்படியே போட்டுவிட்டு, என் எண்ணெய் வைத்தியம் பலித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல வீட்டுக்கு ஓடினேன்.