கையெழுத்துக் கட்டத்தில் குங்குமம்

மாடத்தியம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை. சங்கரன்கோவிலில் அந்தம்மா பங்குதாரராக இருந்த மிளகாய் வத்தல் மண்டியில் பதினைந்து வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவன் நான்.

எழுபத்து நாலில் அந்தம்மாவின் புருஷன் சங்கரசுப்பு மாரடைப்பில் போனார். கூட்டாளி துரைப்பாண்டி அண்ணாச்சி நினைத்திருந்தால் பங்கைப் பணமாகத் தீர்த்து அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்தம்மாவையே பங்குதாரராகச் சேர்த்துப் பத்திரம் எழுதினார். அந்தம்மா கேட்டது ஒன்றுதான்: லாபத்தில் ரூபாய்க்கு இரண்டணா கோமதியம்மனுக்குப் போக வேண்டும், மீதியில் ஆளுக்குப் பாதி. பத்திரம் முடிந்த மறுவாரமே மண்டிக்கு வந்து வத்தல் தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டார். எது சிவகிரி வத்தல், எது மேலநீலிதநல்லூர் வத்தல் என்று கையில் எடுத்ததுமே சொல்வார். நான் நெடி தாங்காமல் தும்மிக்கொண்டிருப்பேன்.

அண்ணாச்சியின் தம்பி குருநாதனுக்கு இது பொறுக்கவில்லை. பெயருக்கு எழுதியதை அழித்துவிட்டால் முழு மண்டியும் நம் வீட்டுக்குத்தானே என்று அண்ணன் காதில் ஓதிக்கொண்டே இருந்தான். அண்ணாச்சி மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. எதற்குமே வாய் திறக்காத மனிதர். எங்களுக்கு அதுதான் பயம்.

எழுபத்தொன்பதில் முதல்முறையாக வருமான வரி கட்டுகிற அளவுக்கு லாபம் வந்தது. கூட்டு வியாபாரம் என்றால் பத்திரத்தோடு விண்ணப்பம் போட்டுப் பதிவு வாங்க வேண்டும். பங்குதாரர்கள் எல்லாரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கிடைத்தால் லாபம் பிரிந்து வரி குறையும். கிடைக்காவிட்டால் மொத்தமும் ஒரே தலையில் விழும். அந்த வரியைக் கட்டினால் அடுத்த போகத்துக்கு வத்தல் வாங்கக் கையில் காசு இருக்காது. ஆடிட்டருக்கு ஏன் தண்டம் அழ வேண்டும் என்று நானே ஃபாரத்தை நிரப்பினேன். இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர். பங்குதாரர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் எழுதினேன்: துரைப்பாண்டி, மாடத்தி, கோமதியம்மன். மூன்றாவது கையெழுத்துக்கு என்ன செய்வது என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். வாயைத் திறக்காமல் மேஜை மேல் இருந்த குங்குமச் சிமிழைக் காட்டினார். புதுக் கணக்கு நோட்டில் வைப்பதுதானே என்று ஒரு பொட்டு வைத்து அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதத்தில் நோட்டீஸ் வந்தது. மூன்றாவது பங்குதாரர் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாவது பங்குதாரர் பெயருக்கு மட்டும் சேர்க்கப்பட்டவரா என்று விசாரிக்க வேண்டும். அனைவரும் நேரில் வரவும். அனைவரும் என்றால் அம்மனுமா என்று நான் கேட்டதற்கு அண்ணாச்சி முறைத்தார். குருநாதனுக்கு வாயெல்லாம் பல். ஆபீசர் கேட்கும்போது அண்ணன் 'பேருக்குத்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தம்மா மண்டிக்கு வெளியே. எல்லாம் என் பேனா செய்த வேலை.

திருநெல்வேலி போகிறவரைக்கும் அண்ணாச்சி பஸ் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். ஆபீசர் வயதில் சின்னவர். குங்குமம் வைத்த ஃபாரத்தை மேஜையில் விரித்தார், சிரிக்கவில்லை. வியாபாரத்தில் நட்டம் வந்தால் மூன்றாவது பங்குதாரரிடம் எவ்வளவு வாங்குவீர்கள் என்று அந்தம்மாவிடம் கேட்டார்.

"அம்மன்கிட்ட போயி எப்படி சார் கேக்கது? நட்டம் எங்க ரெண்டு பேருக்குந்தான்."

அப்படியானால் அம்மனுக்குப் போவது மகமைக் காணிக்கைதான், பங்கு அல்ல என்று ஆபீசர் விளக்கினார். நட்டத்தில் சேராதவர் பெயரைப் பங்குதாரர் என்று போட்டது தப்பு. இரண்டு பெயரோடு திருத்திக் கொடுக்க ஒரு மாதம் அவகாசம் உண்டு. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அவர் பேனாவை மூடவில்லை. அண்ணாச்சி பக்கம் திரும்பி, இந்தம்மா நிஜமாகவே பங்குதாரரா, இல்லை பெயருக்கா என்று கேட்டார்.

அண்ணாச்சி மேஜையில் விரித்திருந்த ஃபாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"எழுவத்தேழு மழையில முன்னூறு மூட்டை வத்தல் அழுகிப்போச்சு சார்" என்றார் அண்ணாச்சி கடைசியில். "நான் ஒத்தப் பைசா கேக்கல. இவங்களா கழுத்துச் சங்கிலிய வித்துப் பாதி நட்டத்தக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. இவங்க பேருக்குன்னா, நானும் பேருக்குத்தான்."

ஆபீசர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து வருஷத்தில் அண்ணாச்சி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மண்டியில் புது ஃபாரத்தை எடுத்து, வழக்கம்போல் அண்ணாச்சி பெயரை முதலில் எழுதப் போனேன். குருநாதன் மூட்டைகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தி, மாடத்தி பெயரை மேலே எழுதச் சொன்னார்.