சுவருக்கும் மலைக்கும் நடுவே இரண்டடி

போன வியாழக்கிழமை குன்னூரில் ஒரு பையனோடு சண்டை போட்டேன். எழுபது வயதைத் தாண்டிய ஆளுக்கு இது தேவையா? தேவைதான்.

எங்கள் தெருவுக்குக் கீழே ஒரு காட்டேஜ் கட்டுகிறார்கள். பொக்லைன் வைத்து மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். இருபது அடி இருக்கும். அடியில் அஸ்திவாரக் குழி. அதற்குள் நாலு பேர் உட்கார்ந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள்தான் நல்ல மழை.

அந்தப் பையன்தான் சைட் இன்ஜினியர். "என்ன தம்பி இது?" என்று கேட்டேன்.

"சேஃப்டி எல்லாம் பக்காங்க சார். பாருங்க, எல்லாருக்கும் ஹெல்மெட் குடுத்திருக்கோம்."

மேலே இருபது அடி மண். தலையில் மஞ்சள் ஹெல்மெட். சிரிப்பதா, அழுவதா?

"அந்த நாலு பேரும் மேல வந்தாத்தான் நான் இங்கிருந்து போவேன்" என்று ரோட்டிலேயே நின்றுகொண்டேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் ஓனரே வந்தார். ஆட்களை மேலே ஏற்றினார்கள். சாய்வாக வெட்டிவிட்டுத்தான் மறுபடி இறங்குவது என்று முடிவானது. 'பெரியவர் கொஞ்சம் ஒரு மாதிரி' என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. விழட்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று வீட்டில் மனைவியும் கேட்டார். இத்தனை வருடமாக இந்தப் பத்தியில் உங்களோடு என்னென்னவோ பேசியிருக்கிறேன். இதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் மண்டபம் முகாமிலிருந்து மலைக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம். மேட்டுப்பாளையம் வரை ரயில், அதற்கு மேல் லாரி. தகரப் பெட்டி, பாய்ச் சுருள், குடும்பச் சீட்டு. வந்து இறங்கியவர்களுக்கு வேலை இருந்தது. வீடு இல்லை.

நான் அப்போது குன்னூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். அவர் கணக்குப் போட்டுக் கொடுப்பார், நான் படம் வரைவேன். அவரைச் 'சார்' என்றே சொல்கிறேன். கெட்டவர் இல்லை. தான் போட்ட சுவர் எதுவும் இதுவரை விழுந்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. அது உண்மையும்கூட.

குந்தா பக்கம் ஒரு தனியார் எஸ்டேட். பெயர் வேண்டாம், எப்போதோ கை மாறிவிட்டது. திரும்பி வந்த குடும்பங்களுக்காக அங்கே பன்னிரண்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயன் கட்டச் சொன்னார்கள். மலைச்சரிவில் தட்டையான இடம் ஏது? தேயிலைக்குக் கீழே பதினாலு அடி உயரத்துக்கு மண்ணை வெட்டி, இடம் சமன் செய்து, வெட்டின பக்கம் ஒரு கருங்கல் தடுப்புச் சுவர். அதற்கு முன்னால் வீடுகள். இதுதான் திட்டம்.

கட்டுகிற ஆட்கள் யார்? அந்த வீடுகளில் குடியேறப் போகிறவர்களேதான்.

செவ்வாய்க்கிழமைதோறும் அளவு சரிபார்க்க நான் போவேன். அங்கேதான் செல்லையாவையும் அவர் மனைவி அஞ்சலையையும் தெரிந்துகொண்டேன். நாற்பதை ஒட்டிய வயது இருவருக்கும். ஒரே மகளைச் சிலோனிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் குடும்பத்துக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது, இவர்களுக்குக் கிடைக்கவில்லை. மகள் அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம்.

அஞ்சலை குட்டை, மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். முதல் நாளே என் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுல அடுப்பு எங்க வருது?"

காட்டினேன். பின்பக்கம், சிறிய ஜன்னலுக்குக் கீழே.

"சன்னலா! அங்க எங்க லயத்துக் காம்பராவுல சன்னலே கெடையாது. கண்ணு எரிஞ்சுதான் சோறு பொங்குவோம். இது வழியா என்னா தெரியும்?"

"தடுப்புச் சுவருதாங்கக்கா தெரியும்."

"செவுரு தெரிஞ்சா என்னா? பொக போவுமில்ல!" என்று சிரித்துவிட்டு மண் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

செல்லையா அதிகம் பேசமாட்டார். சிலோனில் தோட்டத்துச் சாலை போடும் வேலையில் இருந்தவர். மண் சரிந்து ஆள் போனதைக் கண்ணால் பார்த்தவர். வெட்டு முடிந்து சுவருக்குக் குழி எடுத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, செத்த மேல வாங்க."

மேலே தேயிலைக்குள் கூட்டிப்போனார். வெட்டின விளிம்பிலிருந்து நாலடி தள்ளி, இரண்டு செடி வரிசைகளுக்கு நடுவே தரையில் ஒரு விரிசல். கையை விட்டுக் காட்டினார். மணிக்கட்டு வரை உள்ளே போனது.

"இது போன வாரம் இல்ல. கீழயும் பாத்தேன். மண்ணு வேர்க்குது."

"என்ன பண்ணலாங்கண்ணா?"

"இப்புடி நட்டமா வெட்டக் கூடாது. படி மாதிரி ரெண்டா வெட்டணும். இந்த ரெண்டு வரிசத் தேயில போவும். போனாப் போவட்டும். நான் மேஸ்திரிக்கிட்ட சொல்லிப்புட்டேன், குழிக்குள்ள எறங்க மாட்டேன்னு."

காண்ட்ராக்டரின் மேஸ்திரி கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"ஏனுங்க சார், நாங்க என்ன இஷ்டத்துக்கா வெட்டறோம்? நீங்க குடுத்த டிராயிங்ல எப்படியோ அப்படித்தானுங்க வெட்டறோம். அந்தாளுக்குப் பயமுன்னா கல்லு ஒடைக்கப் போகட்டுமுங்க."

ஆபீசுக்கு வந்ததும் நானாகவே ஒரு மாற்றுப் படம் வரைந்தேன். மலையை இரண்டு படியாக வெட்டுவது, சுவரைத் துண்டு துண்டாகக் கட்டுவது. சாரிடம் காட்டினேன்.

பொறுமையாகத்தான் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கே. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கப்பா. கட்டி முடிச்ச சுவரு நிக்குமா, நிக்காதா... அது நம்ம பொறுப்பு. அதை எப்படிக் கட்டறதுங்கறது காண்ட்ராக்டர் பொறுப்பு. நாம ஏன் அதுல தலையிடணும்?"

எஸ்டேட் மேனேஜரிடம் சார் போனில் ஒரு வார்த்தை கேட்டார் — அதையும் சொல்லவேண்டும். பறிப்புக்கு வந்த தேயிலையைப் பிடுங்க முடியாது, அதோடு பருவமழைக்கு முன் வீடு வேண்டும் என்று பதில் வந்தது. பாதுகாப்பு? அதை நீங்களும் காண்ட்ராக்டரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

ஆக, மேஸ்திரி எங்களைக் காட்டினார். நாங்கள் காண்ட்ராக்டரைக் காட்டினோம். மேனேஜர் எங்கள் இருவரையும் காட்டினார். மூன்று பக்கமும் விரல் நீட்டியாயிற்று. குழிக்குள் இருந்தவர்களை நோக்கி ஒரு விரல்கூடப் போகவில்லை.

நான் என்ன செய்தேன்? மாற்றுப் படத்தைச் சுருட்டி ரேக்கில் வைத்தேன். அடுத்த வேலையை எடுத்தேன். இருபத்து நாலு வயது. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். காரணங்களுக்கா பஞ்சம்?

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் போனபோது சுவர் இடுப்பளவு வந்திருந்தது. ஞாயிறும் திங்களும் கோடை மழை பெய்திருந்தது. காலை பதினோரு மணி. வெயிலும் அடித்தது.

சுவரின் பின்பக்கம், அதாவது சுவருக்கும் வெட்டின மலைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. பின்பக்கக் கல் இடுக்குகளில் கலவை பூசவேண்டும். ஆண்கள் யாராலும் அங்கே குனிந்து நிமிர முடியவில்லை. "ஒல்லியா ஓராளை எறக்குங்க" என்று கொத்தனார் கேட்டாராம். மேஸ்திரி அஞ்சலையை இறக்கினார். செல்லையா ஐம்பதடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு கல் உடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது.

நான் வீட்டுச் சுவருக்கு டேப் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. லாரியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினால் கேட்குமே, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். சுவர் அப்படியே நின்றது. அதன் பின்னால் இருந்த இடைவெளியைக் காணோம். செம்மண் நிறைந்திருந்தது. அதன்மேல் இரண்டு வரிசைத் தேயிலைச் செடிகள், வேரோடு, நிமிர்ந்தபடி உட்கார்ந்திருந்தன.

யாரோ அஞ்சலையின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். செல்லையா ஓடி வந்தார்.

"மம்பட்டியப் போடாதீங்க! கையால தோண்டுங்க... கையால தோண்டுங்க!"

தோண்டினோம். மேஸ்திரியும் தோண்டினார், அழுதுகொண்டே. ஒரு பக்கம் அள்ள அள்ள மேலிருந்து மண் வந்துகொண்டே இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெளியே எடுத்தபோது அஞ்சலையின் உடம்பில் சொல்லும்படியாக ஒரு காயமும் இல்லை. வலது கையில் கலவை பூசுகிற கரணை இருந்தது. செல்லையா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்துத் தூரத்தில் எறிந்தார்.

மகளுக்குத் தந்தி போனது. அவரால் வர முடியவில்லை. பாஸ்போர்ட், விசா என்றெல்லாம் இருக்கிறதே.

பத்து நாள் கழித்து எஸ்டேட் ஆபீசில் விசாரணை. அதிகாரி ஒருவர் வந்திருந்தார். உள்ளே மேனேஜர், சார், மேஸ்திரி, நான். போகும் வழியில் சார் என்னிடம், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்" என்றார்.

"சுவரின் அளவு படத்தில் இருந்தபடிதானா?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க."

"படத்தைவிட ஆழமாக வெட்டினார்களா?"

"இல்லைங்க."

எழுதிக்கொண்டார். போகலாம் என்றார். ஒரு பொய்கூட நான் சொல்லவில்லை. கவனித்தீர்களா? முழு உண்மையாக இரண்டு பதில்... அதோடு வெளியே வந்துவிட்டேன்.

வராந்தாவில் செல்லையா உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. என் கையில் படச் சுருள் இருந்தது.

"தம்பி, அந்தப் படத்தக் கொஞ்சம் காட்டுறீங்களா?"

விரித்துக் காட்டினேன். மலையைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அந்தப் படம். விரலை வைத்தார்.

"இது என்னா?"

"சுவருங்கண்ணா."

"இது?"

"மலை."

"நடுவுல கோடு கோடாப் போட்டிருக்கே?"

"அது... மண்ணு. சுவரு கட்டி முடிச்ச பொறவு, பின்னால மண்ணு போட்டு நெரப்பிடுவாங்க."

விரலை எடுக்கவே இல்லை.

"அவ நின்னது இந்த எடம்."

சுருண்டு வந்த படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப, நீங்க மொதல்லயே மண்ணுன்னுதான் போட்டிருக்கீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டதுபோலச் சொன்னார். அந்தக் கோடுகளை நான்தான் போட்டேன். ஸ்கேலை வைத்து, ஒரே இடைவெளியில், அழகாக. அந்த இரண்டடிக்குள் ஓர் ஆள் நின்றால்தான் சுவர் எழும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கட்டி முடித்த சுவரை நான் வரைந்திருந்தேன். கட்டுகிற சுவரை வரையவில்லை.

திரும்பி உள்ளே போனேன்.

"சார், நான் இன்னொண்ணு சொல்லணுங்க" என்று அதிகாரியிடம் சொன்னேன். எங்கள் சார் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். விரிசலைச் சொன்னேன். செல்லையா எச்சரித்ததைச் சொன்னேன். மாற்றுப் படம் ரேக்கில் இருப்பதைச் சொன்னேன். "வேணாம்னாங்க. நானும் அத்தோட விட்டுட்டேங்க" என்பதையும் சொன்னேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "வெளியில இருக்கறவரை உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வழக்கு மேஸ்திரி மேல் மட்டும் போனது. படம் வரைந்தவர்களை எதில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. மண்ணை இரண்டு படியாக வெட்டச் சொல்லி உத்தரவு வந்தது. பிடுங்கவே முடியாது என்ற அந்தத் தேயிலை வரிசைகளில் மிச்சம் இருந்ததை ஒரே நாளில் பிடுங்கினார்கள். சுவர் எழும்பியது. பதினொரு குடும்பங்கள் குடியேறின. செல்லையா தனக்கு ஒதுக்கிய வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கூடலூருக்கு அந்தப் பக்கம் ஸ்ரீமதுரையில் சொந்தக்காரர்களோடு விவசாயக் கூலிக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்த மாதமே வேலை போனது. ஊட்டியில் வேறொரு ஆபீசில் சேர்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் படம் வரைந்தேன்.

செல்லையாவை அப்புறம் ஒரே ஒரு முறை பார்த்தேன், கூடலூர் பஸ் ஸ்டாண்டில். தலை நரைத்திருந்தது. அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"இன்னும் படம் போடுறீங்களா தம்பி?"

"போடறேங்கண்ணா. இப்போ ஆளையும் சேத்துப் போடறேன்."

"ஆளையா?"

"வேலை செய்யற ஆளை. எங்க நிப்பாங்க, மண்ணு வந்தா எந்தப் பக்கம் ஓடுவாங்கன்னு பாக்கறதுக்கு. அவங்களுக்கு எடம் கெடைக்கலைன்னா சுவரை மாத்திடுவேன்."

அவர் என் தோளைத் தொட்டார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது, ஏறிப் போய்விட்டார்.

சின்ன உருவம்தான். பென்சிலில், அளவுப்படி வரைவேன். என்னிடம் வேலை கற்ற ஜூனியர்கள் கேலி செய்வார்கள் — "எல்லா டிராயிங்லயும் அதே குட்டையான ஆளுதானா சார்?" என்று.

நாலடி பத்து அங்குலம். போலீஸார் எழுதிய பிரேத விசாரணைக் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது.