ரஸ்தாளிக் கன்று

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிய இரண்டாம் வருஷம், ரெட்டியார்பாளையத்தில் எங்கள் ரஸ்தாளித் தோட்டத்துக்கு வாடல் வந்தது. அடியிலைகள் ஓரத்தில் மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றித் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இறைத்தேன். கடைசியில் விவசாய ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு மரத்தைக் கிழங்கோடு பெயர்க்கச் சொல்லி, குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே சிவப்பு நூல் ஓடியதுபோல் கோடுகள். அழுகின மீன் நாற்றம்.

"இது பூஞ்சைங்க. மண்ணுல இருந்து வேர் வழியா ஏறுது. மருந்து கெடையாது. இங்கேருந்து ஒரு கன்னுகூட வெளிய போவக்கூடாது," என்றார்.

தலையாட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. சுற்றுவட்டாரத்திலேயே நல்ல ரஸ்தாளி எங்களுடையது என்று பேர். அந்தப் பேரில்தான் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த மாதம் அக்கா வீட்டுக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து ஊரான சாரத்தில் அவருக்கு ஒரு காணி நிலம், அது ஒன்றுதான் சொத்து. கத்தரி போட்டுச் சலித்து, வாழைக்கு மாறப் போகிறார்.

"பொறந்த வூட்டுக் கன்னுதான் வேணும்னு ஒங்க அக்கா ஒத்தக் கால்ல நிக்கிறா மச்சான்," என்று சிரித்தார்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு வாழைக்கன்று இல்லை என்று சொல்கிறவன் எங்கள் பக்கம் கிடையாது. அவள் குடும்பம் தழைக்க வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். நோய் என்று சொல்லியிருக்கலாம். வறட்டு கௌரவம் வாயைக் கட்டிவிட்டது. மஞ்சள் தட்டாத மரங்களாகப் பார்த்து, பக்கக் கன்றுகளைத் தோண்டி வண்டி நிறைய ஏற்றினேன். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கிழங்கையாவது சீவிப் பார்த்தேனா என்றால், இல்லை. பார்க்கப் பயம்.

குலை தள்ளும் சமயத்தில் சாரத்து மரங்களும் மஞ்சளாயின. காய் திரளவில்லை, மரம் அடியில் வெடித்துச் சாய்ந்தது. அவர் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேறெங்கோ கன்று வாங்கி அதே குழிகளில் நட்டார். அதுவும் போயிற்று. அந்த மண்ணில் இனி ரஸ்தாளி வராது என்று அப்போதாவது நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே. இரண்டு வருஷம் விளைச்சல் இல்லாமல் நிலத்தை விற்றார்கள். சொந்த மண்ணில் நின்ற மனிதர் மில்லில் பஞ்சுப்பொதி தூக்கப் போய், இருமலோடு படுத்தார்.

நெல்லித்தோப்பில் ஒண்டுக்குடித்தனம். பார்க்கப் போயிருந்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கன்னுல நோவு இருக்குன்னு ஒனக்கு முன்னயே தெரியுமா மச்சான்?"

"தெரியாது மாமா," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

அடுப்படியில் இருந்த அக்கா கரண்டியோடு வந்துவிட்டாள். "என்னா கேள்வி கேக்குறீங்க? தெரிஞ்சிருந்தா என் தம்பி எனக்குக் குடுத்திருப்பானா?"

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அவருடைய சாவு வீட்டில், அத்தனை பேர் இருக்க, அக்கா என் தோளில்தான் சாய்ந்து அழுதாள்.