கறுப்புத் திரையும் ரைட்டர் அக்காவும்

1. கெடாத மவுஸ்

சேலத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. மவுஸ் ஓடவில்லை என்று ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றிலிருந்து புகார் வந்தது. பஸ் ஏறிப் போனேன். மவுஸில் ஒரு கோளாறும் இல்லை.

கோளாறு அந்த அறையில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வெளிச்சம் ஆகாது என்று யாரோ சொன்னதை நம்பி, ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். பனி இறங்குகிற ஊரில் ஏசி வேறு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஐஸ் மாதிரி இருந்த தரையில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார் ஸ்டெல்லா அக்கா. எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதுகிற ரைட்டர். மூக்கு மானிட்டரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்புக்குறி எங்க போகுதுன்னே தெரிய மாட்டேங்குதுங்க தம்பி" என்றார். பேனா பிடித்த வரையில் தப்பே வந்ததில்லையாம். மெஷின் வந்த பிறகு தப்பு. கண் போய்விட்டது, இனிமேல் காப்பிக்கொட்டை தரம் பிரிக்கிற ஷெட்டுக்குப் போ என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"கொட்டை பொறுக்கறதுக்குக் கண்ணு வேண்டாங்களா?" என்று அக்காவே கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ட்ரோல் பேனலில் டிஸ்ப்ளேவைத் திறந்து ஹை கான்ட்ராஸ்ட் வைத்தேன். கறுப்புத் திரை, பெரிய வெள்ளை எழுத்து. அம்புக்குறியைப் பெரிதாக்கி, நகரும்போது பின்னால் வால் விடும்படி செய்தேன். ஜன்னல் துணியையும் அவிழ்த்தேன். அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, திரையில் இருந்ததைத் தடங்கலில்லாமல் வாசித்தார். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதைச் செய்ய ஆளில்லாமல்தான் ஒருவருக்கு ஷெட்டைக் காட்டினார்கள்.

2. துக்க வீடு

அந்த வாரமே மறுபடி கூப்பிட்டார்கள். ஜன்னலில் பழையபடி துணி. மேனேஜர் கறுப்புத் திரையை முறைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா இது, துக்க ஊடு மாதிரி? வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? முன்னால திரையில இருந்த நம்ம பங்களா படத்தைப் போட்டு, எல்லாத்தையும் பழையபடி மாத்து."

மாற்றினால் அக்காவால் படிக்க முடியாது என்றேன்.

"செம்மநத்தத்துல காப்பி பறிக்கிறவர் மகன்தானே நீ? நாலெழுத்து படிச்சதும் எனக்கே பாடமா சாமி?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த நாலெழுத்துக்கு என் அப்பா கொடுத்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு பெயரில் லாகின் வைத்தால் அவரவர் திரை அவரவர்க்கு வரும் என்று விளக்கினேன்.

"ரைட்டருக்கு மெஷின்ல தனிப்பேரா?" என்றார். இருந்தாலும் வைத்துக் காட்டினேன். அவர் பெயரில் பங்களா வந்தது. உட்கார்ந்து பார்த்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு அக்காவை டீ கொண்டுவர அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"என்னோடதுலயும் எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணிடு. வெளிய சொல்லிக்க வேண்டாம்."

அவருக்கென்றால் அது செட்டிங். அக்காவுக்கென்றால் கண் போச்சு.

"பண்றேனுங்க சார். அக்கா வரட்டும். அவங்க நாற்காலி இங்கயே இருக்கும்னு நீங்க சொல்லுங்க. அப்பறம் பண்றேன்."

மேனேஜர் முகம் சிவந்தது. டீ வந்ததும், அக்காவைப் பார்க்காமல், "சரி, இங்கயே இரு" என்றார். நான் எழுத்தைப் பெரிதாக்கினேன்.

திமிர் பிடித்த பையன் என்று அன்றே என் முதலாளிக்கு போன் போனது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன்: ஒரு ஆளை இடம் மாற்றச் சொன்னால், முதலில் எழுத்தின் அளவை மாற்றிப் பாருங்கள். ஜன்னலையும் திறங்கள்.